மெழுகுவர்த்தி மட்டும் போதுமா, சாமி?

ஒவ்வொரு பிப்ரவரி 8–ந் தேதியும் மனிதக் கடத்தலுக்கு எதிராக கத்தோலிக்க கோவில்களில் பிரார்த்தனை நடக்கிறது. போப் பிரான்சிஸ் காலத்தில் 2015–ல் தொடங்கிய வழக்கம். மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். ஜெபம் சொல்கிறார்கள். பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போய் விடுகிறார்கள்.

தப்பு இல்லை. ஆனால் அந்த நாள் யாருடைய நாள்?

"வர மாட்டேன்!"

சூடான் நாட்டுப் பெண் பகீத்தாவின் திருநாள் அது. சின்ன வயசிலேயே கடத்தப்பட்டு, கை மாறி கை மாறி விற்கப்பட்டவள். பெற்றவர்கள் வைத்த பேர்கூட அவளுக்கு மறந்து போச்சு. "பகீத்தா" என்பது கடத்தல்காரர்கள் வைத்த பேர். அதற்கு அர்த்தம் "அதிர்ஷ்டசாலி"யாம். என்ன கொழுப்பு பாருங்கள்!

கடைசியில் இத்தாலிக்குக் கொண்டு வரப்பட்டாள். எஜமானி அவளை வெனிஸ் நகரத்தில் ஒரு கன்னியாஸ்திரி மடத்தில் விட்டு வைத்தாள். பிறகு வந்து, "கிளம்பு, சூடானுக்குப் போகலாம்" என்று கூப்பிட்டாள். "வர மாட்டேன்" என்றாள் பகீத்தா.

கன்னியாஸ்திரிகள் நினைத்திருந்தால், "நமக்கு எதுக்கு வம்பு" என்று அனுப்பி வைத்திருக்கலாம். அனுப்பவில்லை. அதிகாரிகளிடம் போனார்கள். விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. அவள் யாருக்கும் அடிமை இல்லை என்று 1889 நவம்பர் 29–ந் தேதி தீர்ப்பு வந்தது. பின்னால் அவளே கன்னியாஸ்திரி ஆகி, 1947–ல் இறந்து, 2000–ல் புனிதை ஆனாள்.

மடத்துக் கதவு அன்றைக்குச் சாத்தியிருந்தால் இந்தத் திருநாளே கிடையாது.

பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது?

இப்போது சென்னைக்கு வருவோம். பம்பாய் காமாட்டிபுரம் மாதிரி இங்கே தனித் தெரு இல்லை. வாடகை வீடு, லாட்ஜ், மசாஜ் சென்டர் என்று தொழில் ஒளிந்து நடக்கிறது. வேலை வாங்கித் தருவதாக ஆசை காட்டி அழைத்து வரப்பட்ட பெண், உங்கள் தெருவிலேயே பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கலாம்.

இதைப் போலீசாருக்கு முன்பே கண்டுபிடிக்கக் கூடியவர்கள் யார்? ஒவ்வொரு பங்கிலும் "அன்பியம்" இருக்கிறது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீடு மாற்றி வீடு கூடி ஜெபம் செய்யும் குழு. எந்த மாடியில் புதுக் குடித்தனம், ராத்திரி எத்தனை ஆட்டோ வந்து நிற்கிறது என்பது அந்த அம்மாக்களுக்குத் தெரியாதா என்ன?

சட்டமும் இவர்களைத்தான் கூப்பிடுகிறது. விபசாரத் தடுப்புச் சட்டப்படி சோதனை நடக்கும்போது அந்தப் பகுதிப் பெரிய மனிதர்கள் சாட்சியாக இருக்க வேண்டும். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். மீட்கப்பட்ட பெண்ணை எங்கே அனுப்புவது என்று யோசிக்க, மாஜிஸ்திரேட்டு 5 பேர் குழுவைக் கூப்பிடலாம். முடிந்தவரை அதில் 3 பேர் பெண்களாக இருக்க வேண்டும். சட்டம் 1956–ல் வந்தது. சாட்சி என்றதும் தெருவே கதவைச் சாத்திக் கொள்கிறதே, அந்த 5 பேர் எங்கிருந்து வருவார்கள்? பங்குப் பேரவையில் இருந்து வரட்டுமே!

கன்னியாஸ்திரிகள் சும்மா இல்லை. "தலித்தா கும்" என்ற பெயரில் 2009 முதல் பல நாடுகளில் வேலை செய்கிறார்கள். ஆனால் "அதெல்லாம் சிஸ்டர்ஸ் பார்த்துப்பாங்க" என்று பங்கு மக்கள் ஒதுங்குவது சரியா?

ஓலை வாசிக்கலாமே!

கல்யாணம் என்றால் கோவிலில் 3 ஓலை வாசிக்கிறார்கள். மாப்பிள்ளை யார், எந்த ஊர், தடை ஏதும் உண்டா என்று ஊரையே கேட்கிறார்கள். அதே பங்கில் ஒரு பெண் முன்பின் தெரியாத ஏஜெண்டை நம்பி வெளிநாடு கிளம்புகிறாள். ஒருத்தரும் கேட்பதில்லை.

பத்தாம் வகுப்பு தேறாத பெண் வளைகுடா நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போவதானால் வயது 30 ஆகியிருக்க வேண்டும். அரசு நிறுவனங்கள் மூலமாகத்தான் போக வேண்டும் என்பது 2016–ல் வந்த உத்தரவு. ஏஜெண்ட் "டூரிஸ்ட் விசா" என்று சொன்னாலே விஷயம் கோணல். இதைச் சொல்ல வக்கீல் வேண்டாம். கோவில் பிள்ளை போதும்.

தப்பி வந்தவள் கதை இன்னும் மோசம். கோவிலில் வந்து உட்கார்ந்தால், "ஏண்டி, இவ இத்தனை நாள் எங்கே போயிருந்தா?" என்று பின்பெஞ்சில் கிசுகிசு. மாலைப் பத்திரிகைகளும் இதில் சுத்தம் இல்லை. "அழகிகள் சிக்கினர்" என்று போட்டோவோடு போட்டவைதான். பிடிபட்ட, மீட்கப்பட்ட பெண்களை அடையாளம் காட்டக் கூடாது என்று 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு சொல்ல வேண்டியதாச்சு. பின்பெஞ்சு வாய்க்கு எந்தக் கோர்ட்டு பூட்டுப் போடும்? பிரசங்க மேடையில் நிற்கும் சாமியார்தான் போட வேண்டும்.

பாரிமுனை அந்தோணியார் கோவிலுக்கு செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். எல்லா மதத்துப் பெண்களும் மெழுகுவர்த்தியோடு நிற்கிறார்கள். அங்கே பெண்கள் உதவிக்கான 181 என்ற நம்பரைப் பெரிய எழுத்தில் ஒரு போர்டில் எழுதி வைக்கலாம். பெயிண்டுக்கு ஆகும் செலவு, ஒரு கட்டு மெழுகுவர்த்தி விலை.