போல்ட்டின் இறுக்கமும் புகைச் சட்டமும்

கலிபோர்னியா மாகாணத்துச் சட்டமன்றம் 2021-இல் இயற்றிய சட்டத்தையும், அதையொட்டி அவ்வாண்டு டிசம்பரில் அங்குள்ள காற்று வள வாரியம் அங்கீகரித்த விதிகளையும் அனுசரித்து, புல்வெட்டும் இயந்திரங்களில் பொருத்தும் 19 கிலோவாட்டுக்கு உட்பட்ட எஞ்சின்கள் 2024 மாடல் தொடங்கிப் புகையே விடலாகாது என்று ஏற்பட்டுவிட்ட இவ்வேளையில், இப்பத்திரிகை பாட்டரி மோவரை ஆதரிக்கிறதா, எதிர்க்கிறதா என்று வாசகர்கள் சிலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.

ஆதரிக்கிறோம். நாள் முழுதும் பணிமனைப் புகையில் நின்று பழகிய நம்மவர்களுக்கு அதன் காரணத்தை விவரிக்க வேண்டியதில்லை. அத்தனை பெரிய சந்தையை இழக்க எந்த உற்பத்தியாளருக்கும் மனம் வராது ஆகையால், உதகமண்டலத்திலும் வெலிங்டனிலும் கொடைக்கானலிலும் கோல்ப் மைதானங்களைப் பராமரிக்கிறவர்களுக்கும், பெரிய கல்லூரி வளாகங்களில் பணிபுரிகிறவர்களுக்கும், இன்றில்லாவிட்டாலும் நாளை வந்து சேரப்போகிறவை அவ்விதிக்கு இசைய அமைந்த வண்டிகளே. சார்ஜ் போடும் வசதி, பாட்டரியின் ஆயுள், விலை முதலிய விஷயங்களைப் பற்றிப் பிறர் வேண்டிய அளவு எழுதிவிட்டார்கள். டெக்கின் அடியில் இருப்பதைப் பற்றித்தான் யாரும் எழுதக் காணோம்.

பெல்ட்டில் ஓடும் டெக்கில் பிளேடு ஒரு கல்லிலோ மரவேரிலோ மோதினால், பெல்ட் சற்று வழுக்கி அவ்வதிர்ச்சியில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கிறது; பாட்டரி வண்டிகள் பலவற்றில் பிளேடுக்கு ஒரு மோட்டாராக நேரே மேலே அமர்ந்திருப்பதால், அந்த அடியைத் தண்டும் போல்ட்டுமே தாங்க வேண்டியதாகிறது. பிரேக்கும் கவனிக்கத் தக்கது. மேலிருந்து பார்க்க வலமாகச் சுழலும் பிளேடைக் கீழிருந்து வலமரை போல்ட் பிடித்திருக்கும்போது, புல்லின் எதிர்ப்பு பிளேடைப் பின்னுக்குத் தள்ளிப் போல்ட்டை இறுக்கும் திசையிலேயே முறுக்குகிறது. மோட்டார் மின்பிரேக்கினால் சட்டென்று நிற்கும்போதோ, தண்டு நின்ற பிறகும் பிளேடு முன்னே போக முனைவதால், அதே போல்ட்டைத் தளர்த்தும் திசையில் முறுக்குகிறது. நட்சத்திரத் துளை தண்டின் பற்களில் பூரணமாகப் பொருந்தியிருக்கும்வரை இதனால் கெடுதி இல்லை. துளை தேய்ந்த பிளேடை மாற்றாமல் திரும்பப் போட்டிருந்தாலும், பற்களுக்குள் இறங்காமல் அவற்றின்மேல் ஏறி உட்கார்ந்த பிளேடை அப்படியே இறுக்கியிருந்தாலும், கைக்கு உறுதியாகத் தோன்றும் போல்ட் சில நாள் வேலையிலேயே இளகிவிடும்.

பழக்கம் ஒன்றையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிளேடைத் தொடுமுன் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிடு என்பதே நம் தொழிலில் சிஷ்யனுக்குச் சொல்லும் முதல் பாடம். பாட்டரி வண்டியில் அந்த ஒயரே கிடையாது. சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பாட்டரி இணைப்பையும் பிரித்த பிறகே கையை உள்ளே விட வேண்டும். சப்தமில்லாமல் நிற்கும் வண்டி அணைந்துவிட்ட வண்டி என்று எண்ணுவது விரலுக்கு ஆபத்து.

இனி, இப்பத்திரிகை தொடங்கிய நாள் முதல் நான் வற்புறுத்திவரும் விஷயத்துக்கு வருகிறேன். பிளேடின் நுனி நிமிஷத்துக்கு 19,000 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் சுழலலாகாது என்பது அமெரிக்கத் தொழில் தரத்தின் வரம்பு. அதாவது மணிக்கு ஏறக்குறைய 347 கிலோமீட்டர். அந்த வேகத்தை அடக்கிப் பிடித்திருக்கும் ஒற்றைப் போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பதை நம்மில் பெரும்பாலோர் இன்னமும் தோளைக் கேட்டே முடிவு செய்கிறோம். ஒரு கையேடு 45 முதல் 55 அடி-பவுண்டு என்கிறது. மற்றொன்று 70 முதல் 90 என்கிறது. 50 அடி-பவுண்டு என்பது 68 நியூட்டன்-மீட்டர். அந்த 50-ஐ நியூட்டன்-மீட்டர் என்று கொண்டு டார்க் ரென்ச்சைத் திருப்பி வைத்தால், வேண்டிய இறுக்கத்தில் கால் பங்குக்கு மேல் குறைந்துபோகிறது. மெட்ரிக் அளவை 1956-லேயே சட்டமாக்கிக்கொண்ட இந்த நாட்டில், பொதுப்பணத்தில் வாங்கும் இயந்திரத்தின் கையேட்டில் அடி-பவுண்டு மட்டும் அச்சாகியிருந்தாலும் அதைத் திருப்பி அனுப்பிய அதிகாரி ஒருவரையும் நான் கண்டதில்லை.

பல வருஷங்களுக்கு முன் ஒரு விளையாட்டு மைதானத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். டெக்கின் பக்கவாட்டுத் தகட்டில் ஒரு முழ நீளம் கிழிந்திருந்தது; பிளேடு நாற்பது அடி தள்ளிப் புல்லில் கிடந்தது; ஓட்டிய இளைஞர் இருக்கையைவிட்டு இறங்க மாட்டாமல் கை நடுங்க உட்கார்ந்திருந்தார். அறுந்த போல்ட்டைத் துடைத்துப் பார்த்தேன். முறிந்த முகத்தில் பாதி துருவேறிப் பழுப்பாகவும், மறுபாதி புதிதாய்ப் பளபளப்பாகவும் இருந்தன. விரிசல் அன்று விழுந்ததன்று. ஒவ்வொரு முறையும் இம்பாக்ட் கன்னை வைத்து அது கதறும்வரை முடுக்கியிருக்கிறார்கள். கிண்ண வாசரும் கவிழ்ந்து, குழிந்த பக்கம் போல்ட்டின் தலையை நோக்கியிருந்தது. விசாரணை அறிக்கையில் எழுதப்பட்டதோ ‘ஓட்டுநரின் அஜாக்கிரதை’ என்ற இரண்டே சொற்கள். டார்க் ரென்ச் என்னும் கருவி அந்தப் பணிமனையில் இல்லை. வாங்கித் தரும்படி மெக்கானிக் எழுதிக் கொடுத்த மனு ‘அவசியமில்லை’ என்ற குறிப்போடு கோப்பிலேயே இருந்தது. அந்தக் கோப்பை என் கையால் புரட்டிப் பார்த்திருக்கிறேன் ஆகையால் இதைச் சொல்கிறேன்.

சட்டம் செய்கிறவர்கள் எவ்விடத்தும் இப்படியே இருக்கிறார்கள். நடந்து தள்ளும் மோவரின் பிடியை விட்டதும் 3 விநாடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்று 1982 முதல் கட்டாயமாக்கிய அமெரிக்க விதி, ஏறி ஓட்டும் மோவரைத் தன் வரம்புக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளவில்லை. புகைக்கு வாரியம் கூட்டி, விதி வகுத்து, தேதி குறிக்க முடிந்தவர்களுக்கு, டெக்கின்மேல் முறுக்கு அளவை இரண்டு அலகிலும் பொறிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுத ஏன் முடியவில்லை? நம் ஊரில் என் பார்வைக்கு வந்த டெண்டர்களிலும் குதிரைசக்தி உண்டு, வெட்டும் அகலம் உண்டு, இருக்கையின் மெத்தைக்குக்கூட ஒரு பத்தி உண்டு. டார்க் ரென்ச் ஒன்றில்கூட இல்லை. இதைப் பற்றி உரிய துறைக்கு மூன்று முறை எழுதினேன். முதல் கடிதம் பெறப்பட்டது என்று ஒரு அட்டை வந்தது. மற்ற இரண்டுக்கும் அதுவும் வரவில்லை.

ஆகவே அவர்கள் செய்யாததை நாமே செய்துகொள்வோம். உங்கள் வசமுள்ள ஒவ்வொரு வண்டிக்கும் மாடல் பெயர், போல்ட்டின் தலை அளவு, மரை இடமா வலமா என்பது, கையேடு கூறும் முறுக்கு அளவு ஆகிய நான்கையும் குறித்து, கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இணைத்து, மாத முடிவுக்குள் அனுப்புங்கள். நியூட்டன்-மீட்டரும் அடி-பவுண்டும் அருகருகே வரும்படி, பணிமனைச் சுவரில் ஒட்டத்தக்க பெரிய தாளில், அடுத்த இதழோடு அட்டவணை வரும்.