ஒரே அணி வெல்லும் பந்தயம்

2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6-ஆம் நாள் திண்டுக்கல்லில் நடைபெற்ற தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதிப் பந்தயத்தில், திருப்பூர் தமிழன்ஸ் அணி 220 ஓட்டங்கள் குவித்து, எதிர்த்து ஆடிய திண்டுக்கல் டிராகன்ஸ் அணியை 102 ஓட்டங்களுக்குள் சுருட்டி, முதன்முறையாக வெற்றிக் கிண்ணத்தை வென்றதை நம் அங்கத்தினர்கள் அறிவார்கள். பெருமாநல்லூர் நால்ரோட்டுத் தேநீர்க் கடைகளில் அதுபற்றிப் பேச்சு ஓயச் சில நாட்கள் ஆயின. சென்ற ஆண்டின் வெற்றியாளரை அவர்தம் ஊரிலேயே சென்று வென்றது சிறிய காரியமன்று. ஆயினும் நம் கவனத்தை ஈர்த்தது வேறொன்று. அதே ஆண்டு லீக் சுற்றின் ஏழு ஆட்டங்களிலும் தோல்வியே காணாத சேப்பாக்கம் சூப்பர் கில்லீஸ் அணி, அதன் பின்னர் திருப்பூரிடம் ஒரு முறையும் திண்டுக்கல்லிடம் ஒரு முறையும் தோற்று, இறுதிப் பந்தயத்திற்கே வராமற் போயிற்று.

விளையாட்டைப் பற்றி எழுதுவதற்குக் கூட்டுறவுப் பத்திரிகையில் இடம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். வலுத்த சங்கத்திற்கும் நலிந்த சங்கத்திற்கும் இடையே தலைமைச் சங்கம் எங்ஙனம் நடந்துகொள்ள வேண்டும் என்பது நம் பேரவைக் கூட்டங்களில் ஆண்டுதோறும் எழும் வழக்கு. அதே வழக்கை விளையாட்டு உலகம் நூறாண்டு காலமாக நடத்தி வருகிறது; பலவகைத் தீர்ப்புகளையும் எழுதிப் பார்த்திருக்கிறது. பிறர் செலவில் நடந்த பரிசோதனையைப் பார்த்து நாம் பாடம் கற்பதில் குற்றமில்லை.

தமிழ்நாடு லீக்கின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 2016-இல் அது தொடங்கியது. பெருந்தொற்றின் காரணமாக 2020-இல் நடைபெறவில்லை. 2022 வரை நடந்த ஆறு பந்தயத் தொடர்களில் ஐந்தில் சேப்பாக்கம் அணி இறுதிக்கு வந்தது. 2017, 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் தனியாகவும், 2022-இல் மழை குறுக்கிட்டமையால் கோவை அணியுடன் கூட்டாகவும் கிண்ணத்தைப் பெற்றது. இடையே 2016-இல் தூத்துக்குடியும் 2018-இல் மதுரையும் வென்றன. 2023-இல் வீரர்களை ஏலமுறையில் எடுக்கும் ஏற்பாடு முதன்முதலாக வந்தது. அணி ஒவ்வொன்றும் 70 இலட்சம் ரூபாய்க்கு மேல் செலவிடலாகாது என்று வரம்பு கட்டப்பட்டது. அதன் பின்னர் கோவை, திண்டுக்கல், திருப்பூர் என மூன்று ஆண்டுகளில் மூன்று வெற்றியாளர்கள். மூன்று ஆண்டுகளை வைத்து முடிவுகட்டுவது அவசரமே. ஏலமுறைதான் காரணம் என்று நாம் சத்தியம் செய்யமாட்டோம். ஆனால் எவர் கையிலும் ஒரே அளவு பணப்பை இருக்கும்போது, பணத்தைவிட யோசனைக்கு வேலை மிகுதி என்பது கண்கூடு.

அகில இந்திய அளவிலும் இதே கதைதான். 2008-இல் இந்தியன் பிரீமியர் லீக் தொடங்கியபோது எட்டு அணிகளுள் மிகக் குறைந்த விலைக்குப் போன ராஜஸ்தான் அணியே முதலாண்டுக் கிண்ணத்தை எடுத்துச் சென்றது. சென்னையும் மும்பையும் தலைக்கு ஐந்து முறை வென்று ஆதிக்கம் செலுத்தியது மெய்யே. ஆனால் அதே சென்னை 2025-இல் பத்து அணிகளுள் பத்தாவதாக நின்றது. பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்த பெங்களூர் கிண்ணத்தைத் தொட்டது. தொலைக்காட்சி வருவாய் பொதுப் பெட்டியில் விழுந்து அணிகளுக்குப் பகிரப்படுவதும், வீரர்களுக்கான செலவுக்கு வரம்பு இருப்பதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரும்பாலான வீரர்களை மீண்டும் ஏலத்திற்கு விடுவதும் இதற்குத் துணை.

நமக்கு மிகவும் சுவையான செய்தி அமெரிக்காவில் இருக்கிறது. கிரீன் பே என்பது ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் வாழும் சிற்றூர். திருப்பூர் மாநகரத்தின் ஒரு மூலைக்குக்கூட ஈடாகாது. அவ்வூரின் பேக்கர்ஸ் என்னும் அமெரிக்கக் கால்பந்து அணிக்குத் தனி முதலாளி கிடையாது. 1923 முதல் ஊர்மக்களும் அபிமானிகளும் வாங்கிய பங்குகளே அதன் முதல். பங்குக்கு ஈவுத்தொகை இல்லை. ஒருவரே பெருவாரியான பங்குகளை வைத்திருக்கவும் விதி இடம் கொடாது. நம் சங்கங்களின் துணைவிதிகளைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நியூயார்க், சிகாகோ முதலிய மாநகர அணிகளோடு போட்டியிட்டு, அந்தச் சிற்றூர் பதின்மூன்று முறை லீக் வெற்றியாளராக விளங்கியிருக்கிறது.

இதைக் கேட்டவுடன், அங்கத்தினர் உடைமையாக இருந்ததே வெற்றிக்குக் காரணம் எனக் கூட்டுறவாளர் மார்தட்டிக்கொள்ளலாகாது. ஜெர்மனி நாட்டுக் கால்பந்துக் கழகங்களில் வாக்குரிமையின் பெரும்பகுதி அங்கத்தினர் கையிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. அங்கேயும் பேயர்ன் மியூனிக் என்ற ஒரே கழகம் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து பதினோரு ஆண்டுகள் வெற்றிக் கிண்ணத்தை வைத்திருந்தது. 2024-இல்தான் லெவர்குசன் அதைப் பறித்தது. அங்கத்தினர் ஆட்சி இரு நாட்டிலும் உண்டு. வேற்றுமை எங்கே? அமெரிக்கக் கால்பந்து லீக்கில் 1960-களின் தொடக்கத்திலிருந்து தேசியத் தொலைக்காட்சி வருவாய் எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. கிரீன் பேக்கும் நியூயார்க்குக்கும் ஒரே பங்கு. ஜெர்மனியிலோ வென்றவருக்குப் பெரிய பங்கு. அதன்மேல் ஐரோப்பியப் பந்தயங்களில் கிடைக்கும் பெருந்தொகை. வென்றவர் அப்பணத்தைக் கொண்டு, தோற்றவரின் சிறந்த ஆட்டக்காரரையே வாங்கிக்கொள்கிறார். ஆக, சங்கத்திற்குள்ளே கூட்டுறவு இருந்தால் மட்டும் போதவில்லை. சங்கங்களுக்கு இடையேயும் அது இருந்தாக வேண்டும். 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியதும், மாவட்டந்தோறும் மத்தியக் கூட்டுறவு வங்கிகள் ஏற்பட்டதும் இக்காரணம் பற்றியே.

பொருளாதார அறிஞர் வால்டர் நீல் 1964-இல் எழுதிய ஒரு கட்டுரையில், சாதாரண வியாபாரி தன் போட்டியாளன் ஒழிந்தால் மகிழ்வான், பந்தய உலகில் போட்டியாளன் ஒழிந்தால் வியாபாரமே ஒழிந்துவிடும் என்ற கருத்தை விளக்கினார். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸுக்கு மாக்ஸ் ஷ்மெலிங் வேண்டும். எதிரில் நிற்கத் தக்கவர் இல்லையேல் சீட்டு வாங்குவார் யார்? அவிநாசிக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் பருத்தி ஏலத்திற்கு மூட்டை கொண்டுபோகும் விவசாயிக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. வியாபாரிகள் பத்துப் பேர் வந்த நாளின் விலையும், ஒருவரே வந்த நாளின் விலையும் அவர் அறிவார்.

நெசவாளர் சங்கங்களின் நிலையும் அதுவே. பக்கத்து ஊர்ச் சங்கம் நமக்குப் போட்டி எனத் தோன்றுவது விற்பனை நிலையத்தின் அலமாரி வரையில்தான். கடைவீதிக்கு வந்துவிட்டால், விசைத்தறித் துணியும் ஆலைத் துணியும் எதிரே நிற்க, நாம் அனைவரும் ஒரே அணி. நலிந்த சங்கம் ஒன்று கதவை அடைத்தால் அதன் வாடிக்கையாளர் வலுத்த சங்கத்திற்கு வந்துவிடுவார் என்று எண்ணுவது பிழை. அவர் கைத்தறியையே விட்டுவிடுவார்.

இதுவரை சொன்னவை நலிந்த சங்கங்களுக்கு இனிக்கும். இனி வருவது சற்றுக் கசக்கும்.

சமநிலையைக் காப்பதற்காக அமெரிக்கர் கண்ட மற்றோர் உபாயம், கடைசியில் நிற்கும் அணிக்கே புதிய வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முதல் உரிமை அளிப்பது. 1936-இல் கால்பந்து லீக்கில் அது நடைமுறைக்கு வந்தது. பிறகு கூடைப்பந்து முதலியவற்றிற்கும் பரவியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடைசி இடத்திற்குப் பரிசு வைத்தால் கடைசி இடத்திற்கும் போட்டி வந்துவிடும் அன்றோ? கூடைப்பந்து லீக்கில் சில அணிகள் வேண்டுமென்றே தோற்கின்றன என்ற ஐயம் வலுத்து, 1985 முதல் அந்த உரிமையைக் குலுக்கல் முறையில் வழங்கத் தொடங்கினர். அதன் பின்னும் ஐயம் தீர்ந்தபாடில்லை.

நம்மிடம் இது இல்லை என்று சொல்ல முடியுமா? 2021 பிப்ரவரியில் 16.43 இலட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்பட்டது. புயலாலும் மழையாலும் அடிபட்டவர்களுக்கு அது உயிர்நீர். அதை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் கம்மலை அடகு வைத்துத் தவணை தவறாமல் கட்டிய அங்கத்தினர், கட்டாதவர் சிரிப்பதைப் பார்த்து, அடுத்த முறை தாமும் காத்திருக்கலாமே என எண்ணத் தொடங்கினால், அவ்வெண்ணத்தை எந்தத் தணிக்கை அறிக்கையாலும் நீக்க இயலாது. நெசவுச் சங்கங்களிலும் இத்தகையோர் உளர். உற்பத்தித் திட்டம் வந்தால் தறி ஓடும், வராவிட்டால் நட்டக்கணக்கு எழுதி மானியத்திற்கு விண்ணப்பிக்கலாம் என்று இருப்பவர்களுக்கு, 1983 முதல் நடந்து வரும் இலவச வேட்டி சேலைத் திட்டம் ஊன்றுகோலாக இராமல் கட்டிலாகிவிடுகிறது. பங்கீடு எல்லோருக்கும் உரியது. பங்கீட்டிலேயே உறங்குவதற்கு எவருக்கும் உரிமையில்லை.

ஆதிக்கம் யாவும் ஒரு தன்மையன அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ரஞ்சிக் கோப்பையில் பம்பாய் அணி 1958-59 முதல் 1972-73 வரை தொடர்ந்து பதினைந்து முறை வென்றது. பணத்தைக் கொண்டு பிற மாகாணத்தாரை விலைக்கு வாங்கி அல்ல. மைதானங்களிலும் காங்கா லீக்கிலும் மழையில் நனைந்த ஆடுகளத்தில் பழகிய தன் பிள்ளைகளைக் கொண்டே வென்றது. அவ்வரிசையின் கடைசி வெற்றி நம் தமிழ்நாட்டிற்கு எதிராகச் சேப்பாக்கத்தில் கிடைத்தது. வெங்கட்ராகவனும் வி. வி. குமாரும் நம்மிடம் இருந்தார்கள்; ஆடுகளமோ சுழற்பந்துக்குத் தோதாக அமைந்திருந்தது. அதே ஆடுகளத்தில் பம்பாயின் பத்மாகர் சிவால்கர் 16 ஓட்டங்களுக்கு 8 பேரையும், பின்னர் 18 ஓட்டங்களுக்கு 5 பேரையும் வீழ்த்தினார். நம் அணி 80-க்கும் 61-க்கும் ஆட்டமிழந்தது. மூன்றாம் நாளின் முதற் பந்தோடு பந்தயம் முடிந்தது. அடுத்த ஆண்டே கர்நாடகம் அரையிறுதியில் பம்பாயை வென்று கோப்பையையும் பெற்றது; விதியை மாற்றி அன்று, பிரசன்னா, சந்திரசேகர் போன்றோரை வளர்த்து. இத்தகைய ஆதிக்கத்தை உடைக்கச் சட்டம் இயற்றுவது மடமை. சாயம் நிலைக்கும் தரத்தையும், ரகத்தின் புதுமையையும், ஒழுங்கான கணக்கையும் கொண்டு முன்னுக்கு வந்த சங்கத்தை, மற்றவர்கள் வரும்வரை நில் என்று கையைப் பிடித்து இழுப்பதும் அவ்வாறே.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. சமநிலை என்ற சொல்லை முதலாளிகள் தம் வசதிக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அமெரிக்கத் தளப்பந்து ஆட்டத்தில் வீரர் தம் அணியை விட்டு வேறு அணிக்குப் போகலாகாது என்ற கட்டுப்பாடு நெடுங்காலம் இருந்தது. பணக்கார அணிகள் எல்லோரையும் வாரிக்கொள்ளாதிருக்கவே அவ்விதி என்றார்கள். சைமன் ராட்டன்பர்க் என்ற அறிஞர் 1956-இல் அவ்வாதத்தை ஆராய்ந்து, விதியிருந்தாலும் இல்லாவிட்டாலும் நல்ல வீரர் பணம் மிகுந்த இடத்திற்கே போய்ச் சேர்வார், அணிகள் அவரை விற்றுக்கொள்ளும், வேறுபாடு அந்தப் பணம் யார் பையில் விழுகிறது என்பதே என்று காட்டினார். 1975-இல் மத்தியஸ்தர் தீர்ப்பால் அக்கட்டு அறுந்தது. சங்கங்களுக்குள் சமநிலை என்று சொல்லி நெசவுக் கூலியைக் கீழ்நோக்கிச் சமன்செய்ய எவரேனும் தீர்மானம் கொண்டுவந்தால், அங்கத்தினர் அதனை உடனே இனங்கண்டுகொள்ள வேண்டும். நலிந்த சங்கத்தின் பாரத்தைத் தலைமைச் சங்கம் சுமக்கலாம். நெசவாளியின் முதுகு சுமக்கலாகாது.

மற்றொன்றையும் இடையே குறிப்பிடுகிறோம். இன்று நாம் கொண்டாடும் திருப்பூர் அணி 2016-இல் காரைக்குடிக் காளை என்ற பெயருடன் தோன்றியது. தூத்துக்குடி அணி பின்னர் சேலத்து அணியாயிற்று. காரைக்குடிக்காரர் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். 2025 பந்தயங்களும் கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் ஆகிய ஊர்களிலேயே நடந்தன. திருப்பூரில் ஓராட்டமும் இல்லை. இலட்சக்கணக்கில் விளையாட்டுப் பனியன் தைக்கும் ஊருக்கு இந்த நிலை. முதலாளியின் அணிக்கு ஊர் என்பது ஒரு பெயர்ப்பலகை. கூட்டுறவுச் சங்கத்திற்கோ செயல் எல்லை என்ற ஒன்று உண்டு. நட்டம் வந்தது என்று அது ஊரை விட்டு ஓட முடியாது. ஆகவேதான் நலிந்த சங்கத்தை மூடுவதோ வலுத்ததோடு இணைப்பதோ எளிய வழியாகத் தோன்றினும், அதனைக் கடைசி மருந்தாகவே வைக்க வேண்டும் என்கிறோம். இணைப்புக்குப் பின் அலுவலகம் எட்டு மைல் தள்ளிப் போய்விட்டால், முதிய நெசவாளி பாவு வாங்க எத்தனை நாள் பேருந்து ஏறுவார்?

வரும் பேரவைக் கூட்டங்களில் அங்கத்தினர் விவாதத்திற்கு எடுத்துக்கொள்ளத்தக்கது இதுவெனக் கருதுகிறோம். நூலும் சாயமும் புதிய ரகங்களின் மாதிரிகளும் எல்லாச் சங்கங்களுக்கும் ஒரே விலையில், ஒரே நாளில் கிடைக்கட்டும். அரசுத் திட்டங்களின் உற்பத்தியில் ஒரு பகுதி, ஓடும் தறிகளின் எண்ணிக்கையைப் பார்த்துச் சமமாகப் பிரியட்டும். மறுபகுதி, சென்ற ஆண்டு திருப்பி அனுப்பப்படாத துணியின் அளவைப் பார்த்துப் போகட்டும். நலிந்த சங்கத்திற்குத் தரும் தனியுதவிக்கு மூன்றாண்டு என்று காலவரையறை இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை கணக்கு பார்த்து, முன்னேற்றம் தெரிந்தால் மட்டுமே அடுத்த ஆண்டுத் தவணை விடுவிக்கப்படட்டும். முதலிடம் பெற்ற சங்கத்தின் வடிவமைப்பாளரும் மேலாளரும் ஆண்டில் ஒரு திங்கள் கடைசியிடச் சங்கத்தில் இருந்து வேலை செய்யட்டும். அந்நாட்களின் ஊதியத்தையும் பயணப்படியையும் தலைமைச் சங்கம் ஏற்கட்டும். தறி எண்ணிக்கையைச் சரிபார்க்க வரும் அலுவலர், கணக்குப் புத்தகத்தோடு நில்லாமல் தறிக்குழி வரை வந்து பார்க்க வேண்டும் என்பதையும் தீர்மானத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.