விரலுக்கு வலு போதாதா?

கிதாரில் சுட்டுவிரலை ஆறு தந்திகளின் மேலும் குறுக்கே கிடத்தி அழுத்துவதற்குப் 'பார்' என்று பெயர். அது சரியாக ஒலிக்காவிட்டால், "பெண்பிள்ளை விரலுக்கு வலு ஏது? கிதாரை வைத்துவிட்டுப் பாட்டுக் குழுவில் சேர்" என்பார்கள். எனக்கும் சொன்னார்கள். தோழியரே, நான் இதை ஒப்பமாட்டேன்.

தஞ்சாவூரில் பலா மரத்தில் வீணை செய்கிறார்கள். அதில் மெழுகில் பதித்த 24 மெட்டுகள். வாசிப்பவர் தந்தியை அழுத்தினால் மட்டும் போதாது. கமகத்துக்காகப் பக்கவாட்டில் இழுக்கவும் வேண்டும். வீணை தனம்மாள் (1867–1938) பெண்தானே!

ஹவாய்த் தீவினர் செய்தது இன்னும் வேடிக்கை. 1830களில் மெக்சிகோ மாட்டுக்காரர்கள் கொண்டுவந்த கிதாரை வாங்கி, முறுக்காணியைத் திருகிச் சில தந்திகளைத் தளர்த்திவிட்டார்கள். இதுதான் 'ஸ்லாக் கீ'. விரலே வைக்காமல் மீட்டினாலும் ஒரு கார்டு பிறக்கும். ஐந்தாம் மெட்டில் ஒரே விரலைக் குறுக்கே கிடத்தினால் இன்னொன்று. தளர்ந்த தந்தி அழுத்தவும் இலகு. வலுவைக் கூட்டவில்லை, தந்தியை மாற்றினார்கள்!

நானும் பிடியை மாற்றினேன். விரலை மெட்டை ஒட்டி வைத்து, எலும்புள்ள ஓரமாகச் சற்றே சாய்த்தேன். முழங்கையைப் பின்னுக்கு இழுத்தேன். கையின் பாரமே பாதி வேலையைச் செய்தது. விரல் நுனி காய்த்துப்போனது உண்மைதான். (அம்மா தினமும் பார்த்து உச்சுக்கொட்டுகிறார்கள்.) இப்போது ஐந்து தந்திகள் ஒலிக்கின்றன. மற்றொன்று விரலின் மடிப்பில் சிக்கி ஊமையாகிவிடுகிறது. விரலை ஒரு நூல் மேலே நகர்த்த வேண்டும். அது இன்னும் கைவரவில்லை.