சோம்பேறிகளின் வியாதியா?

முறிந்துபோன காதலை நினைத்து வருஷக்கணக்கில் மறுகுவது வேலையற்றவர்களின் வியாதி என்றும், கைநிறையக் காரியமுள்ளவனுக்கு ஆறே மாதத்தில் எல்லாம் மறந்துபோகும் என்றும் நண்பர் ஒருவர் தீர்ப்புக் கூறியிருக்கிறார்.

டென்மார்க் தேசத்துத் தத்துவஞானி ஸோரன் கீர்க்ககாரை அவர் அறியார் போலும். 1840-இல் ரெகீனே ஓல்ஸனுடன் விவாக நிச்சயம் செய்துகொண்டு, மறு வருஷமே தாமாகவே மோதிரத்தைத் திருப்பி அனுப்பிவிட்ட அம்மனிதர், பெர்லினுக்குச் சென்று எழுத உட்கார்ந்து, 1843-ஆம் வருஷத்தில் மட்டும் மூன்று நூல்களும், அவை போதாவென்று சமயச் சொற்பொழிவுகளும் பிரசுரித்தார். இவரையா சோம்பேறி என்பது? அவ்வளவு வேலைக்கு நடுவிலும், அவள் ஞாபகார்த்தமாக ஈட்டி மரத்தில் ஓர் அலமாரி செய்வித்து, தம் புனைபெயர் நூல்களில் அவளுக்கொன்றும் தமக்கொன்றுமாக உயர்ந்த காகிதத்தில் அச்சிட்ட பிரதிகளை அதில் பத்திரப்படுத்தினார். 1849-இல், வேறொருவருக்கு மனைவியாகிவிட்டிருந்த அவளுக்கென ஒரு கடிதத்தை உறையிலிட்டு அவள் கணவர் மூலம் அனுப்ப, அவர் அதைப் பிரிக்காமலே திருப்பிவிட்டார். அந்தக் கணவர்மீது எனக்குக் குறையில்லை. கைவிட்டவரே இப்படிப் பச்சாத்தாபப்பட்டாரென்றால், கைவிடப்பட்ட ரெகீனேயின் வியாகூலத்தை யார் கணக்கிட்டார்கள் என்பது தனி வியாஜ்யம்.

1855-இல் அவர் மரித்தபோது, நிச்சயதார்த்தமும் விவாகத்தைப் போலவே தம்மைக் கட்டுப்படுத்துவதென எழுதி, உடைமை யாவற்றையும் அவளுக்கே வைத்துப் போயிருந்தார். வேலைதான் மருந்தென்றால், பதினான்கு வருஷம் இடைவிடாமல் உண்டவருக்கு அது ஏன் கேட்கவில்லை என்பதை நண்பர்தாம் சொல்ல வேண்டும்.