மிதித்த தொலைவும் மிதிக்க வேண்டிய தொலைவும்

சோதனைச்சாலையில் நாள்தோறும் அளவெடுக்கிறவர்களுக்கு எதையும் குறித்துவைக்கும் பழக்கம் தானாக வந்துவிடும். பௌதிகம் படிக்கும் எனக்கும் வந்துவிட்டது. சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், படிப்பை முடித்து ஊர் திரும்பிய ஓர் அக்காவிடம் 1,500 ரூபாய் கொடுத்துப் பழைய மிதிவண்டி ஒன்றை வாங்கினேன். அன்று முதல் ஓட்டிய தொலைவைச் சிறு குறிப்பேட்டில் எழுதி வந்தேன். இந்த ஆடியில் கூட்டிப் பார்த்தேன். 2,640 கிலோமீட்டர்!

இந்த எண்ணில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய 7-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நாம் வாழும் இந்தக் காசியில் தொடங்கி, கன்னியாகுமரியில் முடிந்தது. அதன் நீளம் 2,369 கிலோமீட்டர். 2010-இல் எண்கள் மாறிவிட்டன, சாலை மாறவில்லை. விடுதிக்கும் வகுப்புக்கும், லங்காவுக்கும் கங்கைக் கரைக்குமாகச் சுற்றிச் சுற்றி வந்தவள், எங்கும் போகாமலே குமரிமுனையைத் தொட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

ஆயினும் நான் மகிழவில்லை. ஆண்டின் தொடக்கத்தில் நான் வைத்த குறி 3,000 கிலோமீட்டர். 360 குறைந்துவிட்டது. ஏன் குறைந்தது என்று ஏட்டைப் புரட்டினேன். வைகாசியில் 'லூ' என்னும் அனற்காற்று அடித்த நாட்கள் சில வெறுமையாக இருந்தன. அதை மன்னிக்கலாம். ஆனால் மார்கழியில் மூன்று வாரங்கள் ஒரு கோடும் இல்லை. அந்த மூன்று வாரங்களைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

மார்கழி மாதத்துக் காசி மூடுபனி எப்படிப்பட்டது என்று இந்த மலரைப் படிக்கும் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. தெற்கே பனி என்றால் புல்லின் நுனியில் இருக்கும். இங்கே அது கண்ணுக்கு முன்னால் சுவராக எழுந்து நிற்கும். அத்தகைய ஒரு விடியற்காலையில், சாம்னே காட் செல்லும் வழியில், யாரோ வெட்டி மூடாமல் விட்டிருந்த பள்ளத்தில் விழுந்தேன். முழங்கை கிழிந்தது, வண்டியின் முன்பகுதி திரும்பிவிட்டது. பின்னால் பால்கேன்களை இருபுறமும் கட்டிக்கொண்டு மிதித்து வந்த ஒரு பெரியவர் இறங்கினார். முன் சக்கரத்தை இரு முழங்கால்களுக்கிடையே இறுக்கிப் பிடித்து, ஹேண்டில்பாரை நேராகத் திருப்பினார். கழன்ற செயினை மாட்டினார். "பிட்டியா, மெதுவாகப் போ" என்று சொல்லிவிட்டுப் பனிக்குள் மறைந்தார். பிட்டியா என்றால் மகளே என்று பொருள். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அன்றிரவு ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஓட்டுனது போதும்டி. வித்துட்டு ஆட்டோவுல போ. நான் காசு அனுப்புறேன்" என்றார். நானும் வண்டியைப் பூட்டி வைத்தேன். முழங்கை ஆறிய பிறகும் பூட்டு திறக்கவில்லை.

பூட்டிய வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று என்னை உறுத்தியது. என் அம்மா யார்? புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் துணிந்து செயல்பட்டார். கல்லுடைப்பவர்களும் கூலி வேலை செய்பவர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் கற்றார்கள். பெண்களுக்கான வண்டிகள் போதாமல், குறுக்கே பார் வைத்த ஆண்கள் வண்டிகளிலேயே ஏறினார்கள். 1992-இல் அனைத்துலக மகளிர் நாளன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டிகளில் புதுக்கோட்டை வீதிகளில் ஊர்வலம் வந்தார்கள். அப்போது அம்மாவுக்கு வயது பதினாறு. வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றவர் அவர். அந்தக் கதையை நான் நூறு முறை கேட்டிருக்கிறேன்.

நான் மட்டுமா? எங்கள் விடுதியில் கான்பூர்த் தோழி ஒருத்தி என் ஊர்ப் பெயரைக் கேட்டதும், "அந்த சைக்கிள் ஊரா?" என்று வியந்தாள். பத்திரிகையாளர் சாய்நாத் அந்த இயக்கத்தைப் பற்றி எழுதியது, என் வயதினர் படித்த 8-ஆம் வகுப்பு இந்திப் பாடநூலில் ஒரு பாடமாக இருந்ததாம். கங்கைக் கரையில் ஒருத்தி புதுக்கோட்டையைப் பாடமாகப் படித்திருக்கிறாள்; அந்தப் புதுக்கோட்டையிலிருந்து வந்தவளோ வண்டியைப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

ஆனால் அம்மாவின் கதையில் யாரும் எழுதாத பின்பகுதி ஒன்று உண்டு. திருமணமான பின் அவர் ஓட்டவில்லை. ஓட்டாதே என்று யாரும் தடுக்கவில்லை. வண்டி பழையதாயிற்று என்று விற்றார்கள். அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரப் பழகிவிட்டார். அவ்வளவுதான். ஓர் ஊரே கொண்டாடிய வெற்றி, ஒரு வீட்டில் சத்தமில்லாமல் நின்றுபோயிற்று.

இதிலிருந்து நான் கண்ட முடிவு ஒன்று. கற்பது பாதி வேலைதான், விடாதிருத்தலே மறுபாதி. நம் அரசுகள் முதல் பாதியை ஓரளவு நன்றாகச் செய்திருக்கின்றன. தமிழ்நாட்டில் நான் பதினோராம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி பெற்றேன். என் அறைத்தோழி பீகார்க்காரி. அவள் ஒன்பதாம் வகுப்பில் மிதிவண்டி வாங்க அரசிடம் பணம் பெற்றாள். 2006-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தை முரளிதரன், பிரகாஷ் என்னும் இரு பொருளியலறிஞர்கள் ஆராய்ந்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் விகிதம் 32 சதவீதம் உயர்ந்தது என்று கண்டார்கள். பள்ளி தொலைவாக இருந்த சிற்றூர்களில் பயன் மிகுதி. இரண்டு சக்கரங்கள் செய்த வேலை இது!

அப்படியானால் அந்தப் பெண்கள் எல்லாரும் இப்போது எங்கே? 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, உத்தரப் பிரதேசத்தில் நான்கு வீடுகளில் மூன்றில் மிதிவண்டி உண்டு. விடியலில் லங்கா வாயிலில் நின்று பாருங்கள். பால்காரர், செய்தித்தாள் போடுபவர், கொத்துவேலைக்குப் போகிறவர், சீருடை அணிந்த பள்ளிச் சிறுமியர் எனச் சாரி சாரியாகப் போவார்கள். இருபது வயதைத் தாண்டிய பெண்ணை மட்டும் தேடிப் பிடிக்க வேண்டும். பள்ளி முடிந்ததும் வண்டியும் முடிந்துவிடுகிறது. பள்ளமும் இருளும் ஒரு காரணம். மோட்டார் சைக்கிளில் உரசிச் செல்பவரின் கேலி ஒரு காரணம். "போதும்டி" என்னும் அன்பும் ஒரு காரணம். இவற்றுள் கடைசியை வெல்வதுதான் கடினம். ஏனெனில் அது நம் நன்மைக்காகவே சொல்லப்படுகிறது.

தை மாதத்தில் பூட்டைத் திறந்தேன். இனி இவ்வாண்டுக்கான என் குறிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, தொலைவைவிட நாட்களையே எண்ணப் போகிறேன். ஒரு நாளைக்கு இரண்டு கிலோமீட்டரானாலும் சரி, வண்டி வெளியே வர வேண்டும். சாரநாத்துக்கு மாதம் ஒருமுறை போக வேண்டும். கார்த்திகை பிறப்பதற்குள் நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள சுனார் கோட்டைக்குப் போய்வர வேண்டும். பனி கொட்டும் நாளில் வெயில் ஏறிய பிறகே புறப்படுவேன். முன்னும் பின்னும் விளக்கு இருக்கும். துணிவு வேறு, மூடத்தனம் வேறு என்பதைப் பள்ளம் கற்பித்துவிட்டது.

இரண்டாவது, 200 கிலோமீட்டரை ஒரே நாளில் ஓட்டுவது. பாரிஸ் நகரத்து ஓடாக்ஸ் சங்கம் வகுத்த விதிப்படி நம் நாட்டிலும் இத்தகைய நெடும்பயணங்கள் நடைபெறுகின்றன. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். வகுத்துப் பாருங்கள்: மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர்கூட வேண்டுவதில்லை! இங்கே பௌதிகம் நமக்கு ஆறுதல் சொல்கிறது. காற்றின் தடையை வெல்லத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். வேகத்தை இரட்டித்தால் காற்றுக்கு மட்டுமே எட்டு மடங்கு திறன் செலவாகும். ஆகவே விரைந்து மிதித்துக் களைத்து உட்காருபவரைவிட, நிதானமாக மிதித்து நிற்காமல் போகிறவரே தொலைவை வெல்வார். வாழ்க்கைக்கும் இது பொருந்தும் என்று சொல்லித் தோழர்களைச் சலிப்பூட்ட மாட்டேன்.

மூன்றாவது, எங்கள் விடுதியில் ஓட்டத் தெரியாத ஐந்து பேருக்குக் கற்றுக்கொடுப்பது; ஓட்டத் தெரிந்து விட்டுவிட்ட ஐந்து பேரை மீண்டும் ஏற்றுவது. பின்னதே கடினமாக இருக்கும் என நினைக்கிறேன். இதற்கு நம் சங்கம் துணை நிற்க வேண்டும். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறோம், வேண்டியவைதாம். அவற்றோடு, படிப்பு முடித்துச் செல்பவர்கள் காயலான் கடைக்குப் போடும் வண்டிகளை வாங்கிச் செப்பனிட்டு, புதிதாக வரும் மாணவியருக்கும் மாணவர்க்கும் கொடுத்தால் என்ன? பங்க்சர் ஒட்டவும் பிரேக் கட்டை மாற்றவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கற்றுக்கொள்ளலாம். இருண்ட வழிகளுக்கு விளக்கும், பள்ளங்களுக்கு மூடியும் கேட்டுக் கையொப்பமிட்டு விண்ணப்பம் கொடுக்கலாம். அந்த விளக்கு நமக்கு மட்டுமன்று, பால்காரப் பெரியவருக்கும் எரியும்.

நான்காவது குறிதான் மிகச் சிறியது. புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். சமணர் குகையின் தாமரைக் குளத்து ஓவியத்தை அம்மா பார்த்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. என் பள்ளிக்கால வண்டி வீட்டுத் தாழ்வாரத்தில் துருப்பிடித்துக் கிடக்கிறது. அடுத்த விடுமுறையில் அதற்கு டியூப் மாற்றி, எண்ணெய் போட்டு, அம்மாவை ஏற்றி, வாடகைக்கு இன்னொரு வண்டி எடுத்துக்கொண்டு அருகே நான் ஓட்டிச் செல்ல வேண்டும்.

சென்ற வாரம் இதைச் சொன்னேன். "இந்த வயசுலயா? ஊரு சிரிக்கும்டி" என்றார். சற்று நேரம் கழித்து, "அந்த வண்டிக்கு முன்பிரேக் பிடிக்காது, பாத்துக்க" என்றார்.

அவர் ஒப்புக்கொண்டார் என்று நான் எழுதமாட்டேன். மறுக்கவில்லை என்று மட்டும் என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தோழர்களே, உங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலும் ஒரு வண்டி சாய்ந்து கிடக்கலாம். அதை யார் ஓட்டினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று இந்த விடுமுறையில் கேட்டுப் பாருங்கள்.