கரையிலேயே பேசிவிடலாமே!

கைப்பேசி ஆட்டத்தைப் பற்றிப் பள்ளி ஆண்டு மலரில் எழுதலாமா என்று எங்களுக்கே முதலில் தயக்கமாக இருந்தது. "படிக்கிற பிள்ளைகளுக்கு இது எதற்கு?" என்று பெற்றோர் கேட்கக்கூடும். அருட்சகோதரிகளின் முகம் எப்படி மாறும் என்பதையும் நாங்கள் அறிவோம். ஆயினும் இவ்வாண்டு எங்கள் வகுப்பில் இரண்டு மாத காலம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த தோழியர் நால்வர் உண்டு. அவர்களைப் பிரித்தது மதிப்பெண்ணும் அன்று, புறங்கூறலும் அன்று, ஓர் ஆட்டம். அந்த நால்வரில் மூவர் சேர்ந்துதான் இதை எழுதுகிறோம். நான்காமவளிடம் காட்டி, அவள் சரி என்ற பின்னரே கொடுக்கிறோம்.

அறியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பப்ஜி என்னும் ஆட்டத்தை 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்தது. அதே ஆட்டம் 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது; 2022 ஜூலையில் மீண்டும் நிறுத்தப்பட்டு, 2023 மே மாதத்தில் திரும்பியது. பணம் கட்டி ஆடும் ஆட்டங்கள் வேறு. 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடுத்தது அவற்றைத்தான். இதில் நூறு பேர் வானூர்தியிலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். நால்வர் சேர்ந்து ஓர் அணியாகலாம். நிற்கத்தக்க வட்டம் சுருங்கிக்கொண்டே வர, கடைசியில் எஞ்சும் அணி வெல்கிறது. அடிபட்டு விழுந்தவளுக்குப் பக்கத்தில் போய்ச் சில வினாடிகள் குனிந்திருந்தால் அவள் எழுந்துவிடுவாள். தர வரிசையும் உண்டு. வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று ஏறிக்கொண்டே போகும். தோற்றால் சம்பாதித்த புள்ளி குறையும். இந்தப் புள்ளியில்தான் வினை தொடங்குகிறது.

எங்கள் மூவரில் ஒருத்தி இந்த ஆட்டத்தில் கெட்டிக்காரி. விடுமுறை முழுவதும் அண்ணனிடம் கேட்டுக் கேட்டுப் பழகினாள். பிளாட்டினத்தைத் தொட இன்னும் சில புள்ளிகளே இருந்தன. நான்காமவள் தோணிரேவிலிருந்து வருகிறவள். அவளுக்கென்று கைப்பேசி கிடையாது, அப்பாவின் கைப்பேசிதான். அப்பா ஏரிக்குப் புறப்படுமுன் அரை மணி நேரம் அவள் கைக்கு வரும். பழைய கைப்பேசி, துப்பாக்கிச் சத்தம் கேட்ட பிறகே சுட்டவன் திரையில் தெரிவான். அதோடு ஒரு காதை வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டே ஆடுவாள். தம்பி அழுதால் எழுந்து போவாள்.

அன்று கடைசி மூன்று அணிகள் வரை வந்துவிட்டோம். அவள் விழுந்தாள். "என்னைத் தூக்குங்கடி, இங்கேதான் மரத்துக்குப் பின்னாடி இருக்கேன்" என்று இரண்டு முறை சொன்னாள். நாங்கள் போகவில்லை. போனால் வட்டத்துக்கு வெளியே மாட்டிக்கொள்வோம் என்ற கணக்கு ஒருத்திக்கு. மற்ற இருவருக்கும் அந்தக் கணக்குக்கூடக் கிடையாது, அவள் போகாததால் நாங்களும் போகவில்லை, அவ்வளவுதான். எப்படியும் தோற்றோம். தோற்ற கோபத்தில், "ஆடத் தெரியலைன்னா ஏன்டி வர்றே? உன்னாலதான் எங்க புள்ளி போச்சு" என்று கெட்டிக்காரி சொல்லிவிட்டாள். மறுமுனையில் பதில் இல்லை. மறுநாள் வகுப்பில் அவள் பெஞ்சு மாறி உட்கார்ந்தாள்.

இதில் யார் பக்கம் நியாயம்? இரண்டு மாதமும் இதைத்தான் எங்களுக்குள் வாதிட்டோம். பழகியவளைப் பொல்லாதவள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் உழைத்து ஏறினவளுக்கு அந்த உழைப்பு வீணாகும்போது வலிக்காதா? பள்ளி எறிபந்து அணியில் பயிற்சிக்கு வராதவளைப் போட்டிக்கு அழைத்துப் போகிறார்களா? இல்லையே. அதற்காக ஒருவரும் மனம் நோவதும் இல்லை; ஏனென்றால் விதி முன்கூட்டியே தெரியும். தோணிரேவுக்காரியோ எங்களிடம் பின்னொரு நாள் சொன்னது இது: "நான் ஜெயிக்க வரலை. லீவுல உங்க மூணு பேரு குரலைக் கேக்க வேற வழி இல்லை." ஒருத்தி பந்தயத்துக்கு வந்தாள், இன்னொருத்தி பேச்சுத் துணைக்கு வந்தாள். இரண்டும் குற்றமில்லை. எதற்கு வந்தோம் என்பதை நால்வரும் ஒருமுறைகூடச் சொல்லிக்கொள்ளவில்லை என்பதே குற்றம் என்பது எங்கள் கருத்து.

எங்களில் இன்னொருத்தியின் தாத்தா இளமையில் கரைவலை இழுத்தவர். இந்தச் சண்டையைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். அவர் பன்னிரண்டு வயதில் முதன்முதல் கயிறு பிடித்தபோது கொடுத்தது அரைப் பங்காம். படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, ஆளுக்குப் பங்கு என்று பிரிக்கும்போது சிறுவனுக்கு அரை. "அதுல உங்களுக்கு வருத்தம் இல்லையா தாத்தா?" என்று கேட்டோம். "வருத்தம் என்னம்மா? கரையிலேயே சொல்லித்தான் கயித்தைக் குடுத்தாங்க. அரைப் பங்குக்காரன் முழு இழுப்பு இழுக்கலைன்னு எவனும் ஏசக் கூடாது. வலை தண்ணியில கெடக்கும்போது பேசுற பேச்சா இது?" என்றார். அரைப் பங்கு என்பது இழிவு என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அவர் சொன்ன விதத்தில் அது ஒரு பாதுகாப்பாகத் தெரிந்தது. எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு ஓர் அளவு இருந்தது. அதற்கு மேல் அந்தச் சிறுவனிடம் கேட்க எவருக்கும் உரிமை இல்லை.

பழவேற்காடு ஏரியின் 'பாடு' முறையும் எங்களுக்கு இதையே நினைவூட்டுகிறது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் நிறைய விழும் இடங்கள் சில. விழாத இடங்கள் பல. வல்லவன் எவனோ அவனே நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால் தினமும் அடிதடிதான். ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில் சீட்டுப் போட்டு, முறை வைத்து, சுத்துவலை கட்டும் இடங்களைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக வந்தது. இதிலும் குறை உண்டு. பெண்களுக்கு அதில் பெயர் கிடையாது. ஏரிக் கரையில் வாழும் எல்லாருக்கும் அந்த உரிமை கிடையாது. அதனால் மனத்தாங்கல்களும் உண்டு. அதை மறைத்து இந்த முறையைப் புகழ நாங்கள் வரவில்லை. ஆனால் ஒன்றை அந்தப் பெரியவர்கள் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தார்கள். நிறையப் பிடித்தவனுக்குக் கிடைத்தது கைத்திறனா, இடத்தின் வாகா? இடத்தின் வாகு என்றால் அதைச் சுழற்சியில் விடு.

கைப்பேசியில் நாங்கள் அதைப் பிரிக்கவில்லை. புதுக் கைப்பேசியும், தடையில்லாத இணைப்பும், தனி அறையும், வேலை ஏவாத வீடும் உள்ளவள் நன்றாக ஆடினால் அதை முழுக்கத் திறமை என்றோம். இவற்றில் ஒன்றும் இல்லாதவள் தடுமாறினால் அதை முழுக்கச் சோம்பல் என்றோம். ஒருநாள் கெட்டிக்காரி அந்தப் பழைய கைப்பேசியை வாங்கி ஆடிப் பார்த்தாள். இரண்டே நிமிடத்தில் விழுந்தாள்! (இதை எழுதச் சொன்னவளும் அவளே.)

முன்பின் அறியாதவர்களோடு ஆடும்போது நிலைமை இன்னும் மோசம். பெண் குரல் கேட்டதும் வரும் வசைகளை இங்கே எழுத முடியாது. அதனால் நம்மில் பலர் ஒலிவாங்கியை அணைத்துவிடுகிறோம். உடனே, "பேசாதவள் என்ன கூட்டாளி?" என்று வேறொரு வசை வருகிறது. பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம் என்றால் எதைத்தான் செய்வது? பெற்றோர்களே, உங்கள் பெண் மட்டுமல்ல, உங்கள் மகன் என்ன பேசுகிறான் என்பதையும் ஒருநாள் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

இணையத்தில் ஆடும் அணி என்றாலே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. 2020-ஆம் ஆண்டு நோய்த்தொற்றின் காரணமாக உலக அணிகளின் சதுரங்க ஒலிம்பியாடு இணைய வழியில் நடைபெற்றது. ஓர் அணிக்கு ஆறு பலகைகள். ஆண்களுக்கு இரண்டு, பெண்களுக்கு இரண்டு, இருபது வயதுக்குட்பட்ட இளைஞனுக்கு ஒன்று, அதே வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு ஒன்று. ஐந்து முறை உலகச் சாம்பியனான நம் விசுவநாதன் ஆனந்த் வென்றாலும் ஒரு புள்ளிதான். பதினான்கு வயதுத் திவ்யா தேஷ்முக் வென்றாலும் ஒரு புள்ளிதான். ஆனால் ஆனந்தின் எதிராளியைத் திவ்யா வெல்லவேண்டும் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. அவளவள் பலகை எது என்பது முன்பே தீர்மானமாகியிருந்தது.

ஆகஸ்ட் 30 அன்று இரஷ்யாவுடன் இறுதிப் போட்டி. முதல் சுற்று மூன்றுக்கு மூன்று என்று சமமாக முடிந்தது. இரண்டாவது சுற்றில் இணையத் தொடர்பு அறுந்ததால் திவ்யாவும் பதினாறு வயது நிஹால் சரீனும் நேரம் கடந்து தோற்றவர்களாயினர். இந்தியா முறையிட்டது, இரு நாடுகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார்கள். இணைப்பு அறுந்தது ஆட்டக்காரரின் குறையன்று என்பதைக் கருதித்தான் உலகச் சங்கமே அப்படித் தீர்ப்பளித்தது. எங்கள் நால்வருக்குள் அந்தத் தீர்ப்பைச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. அந்தத் திவ்யாதான் 2025 ஜூலையில், அதே அணியில் தனக்கு மூத்தவராக ஆடிய கொனேரு ஹம்பியை இறுதிச் சுற்றில் வென்று பெண்களுக்கான உலகக் கோப்பையைப் பெற்றார்.

"விளையாட்டுக்குப் போய் ஒப்பந்தமா? பிறகு அதில் என்ன விளையாட்டு இருக்கிறது?" என்று எங்கள் வகுப்பில் ஒரு சாரார் கேட்டார்கள். கண்ணாமூச்சி ஆடும்போதே, சின்னக் குழந்தை ஒன்று சேர்ந்தால் அதை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தானே நாம் ஆடினோம்? பிடிபட்டாலும் அது அவுட் இல்லை. அந்தக் குழந்தையும் ஓடியது, நாமும் ஓடினோம். யாருக்கும் ஆட்டம் கெடவில்லை. பத்து வயதில் தெரிந்திருந்ததைப் பதினைந்து வயதில் மறந்துவிட்டோம்.

நாங்கள் மூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோணிரேவுக்குப் போனோம். அவள் வாசலில் தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். முதல் பத்து நிமிடம் தம்பியோடு மட்டுமே எல்லாரும் பேசினோம். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை. கெட்டிக்காரி சோற்றுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். பிறகு நால்வரும் திண்ணையில் உட்கார்ந்து சிலவற்றைப் பேசி முடித்தோம். புள்ளிக்கான ஆட்டம் வார நாட்களில். அதற்குக் கெட்டிக்காரி தன் அண்ணன் கூட்டத்தோடு போவாள், எங்களை அழைக்கமாட்டாள், நாங்களும் கோபிக்கமாட்டோம். சனிக்கிழமை மாலை அரை மணி நேரம் நால்வரும் புள்ளியில்லாத ஆட்டம். அதில் விழுந்தவளைத் தூக்காமல் நகரக் கூடாது. நடுவில் எழுந்து போகிறவள், "வீட்டு வேலை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அரைப் பங்கு யாருக்கு என்ற கேள்வியும் வந்தது. தோணிரேவுக்காரி தானே கையைத் தூக்கி, "கைப்பேசிக்கு அரை, எனக்கு முழுசு" என்றாள்.

சென்ற சனிக்கிழமை அவள் ஆற்றுப் பாலத்தின் நடுவில் விழுந்தாள். தூக்கப் போன மூவரும் அதே பாலத்தில் வரிசையாக விழுந்தோம். மேல்நிலை வகுப்புக்குப் போனபின் இந்த அரை மணி நேரம் இருக்குமோ இருக்காதோ தெரியவில்லை. அதையும் பரீட்சைக்கு முன்பே உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம்.