கல்லானையும் நம் கடமையும்

மலை என்றாலே மர்மம் என்று ஆகிவிட்டது. இமயத்துப் பனிமனிதனைப் பற்றிக் கேள்விப்படாத மாணவர் நம்மில் இலர். 1951-ல் எரிக் ஷிப்டன் பனிமேட்டில் ஒரு காலடித் தடத்தைப் படம் பிடித்து வந்ததும், அதன் சொந்தக்காரனைத் தேடி மேனாட்டார் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டனர். முடிவு என்ன? பனிமனிதனுடையவை என்று கருதப்பட்ட எலும்பு, பல், தோல், மயிர் முதலிய ஒன்பது பொருள்களின் மரபணுவைச் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டனர். எட்டு, கரடியினுடையவை, ஒன்று, நாயினுடையது!

இமயம் வரை போவானேன்? நம் அகத்தியர் மலையிலேயே அப்படியொரு விலங்கு உலவுவதாகச் சொல்லப்படுகிறது. பிழைப்பை நாடித் தென்பாண்டிச் சீமையிலிருந்து காட்டாக்கடைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் ஊருக்கு வடகிழக்கே 1868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அம்மலையின் காடுகளில் வாழும் காணி மக்கள், யானையில் இரு வகை உண்டு என்கின்றனர். ஒன்று நாம் அறிந்த யானை. மற்றொன்று கல்லானை. பாறைகளில் எளிதாக ஏறுமாம். ஐந்தடிக்கு மேல் வளராதாம். ஊர்க் கடைத்தெருவில் இதைச் சொன்னால், "காட்டான் கதை" என்று சிரிப்பவரே மிகுதி.

2005-ல் பேப்பாறைச் சரணாலயத்தில், மல்லன் காணி வழிகாட்ட, புகைப்படக் கலைஞர் சாலி பாலோடு ஒரு சிற்றானையைப் படம் பிடித்தார். பத்திரிகைகள் பரபரத்தன. ஆயினும் அறிவியல் உலகம் கல்லானையைத் தனி இனமாக ஏற்கவில்லை.

ஏற்காதது முறையே என்பேன். ஒரு படம் ஒரு விலங்கு உண்டு என்பதற்குத்தான் சான்று. ஓர் இனம் உண்டு என்பதற்கு அன்று. இலங்கையின் உடவளவையில் 2013-ல் வளர்ந்த ஆண் யானையொன்று காணப்பட்டது. உடல் ஏறக்குறைய இயல்பான பருமன், கால்களோ குட்டை. அது பிறவிக் குறை, தனி இனமன்று. இனம் என்றால் ஆணும் பெண்ணும் குட்டியுமாகத் தலைமுறை தலைமுறையாக அதே அளவில் பெருக வேண்டுமல்லவா?

ஆனால் சான்று போதாது என்பது வேறு, சிரிப்பது வேறு. 1987-ல் இதே மலையில் ஏறிய விஞ்ஞானிகள் களைத்துச் சோர்ந்தபோது, உடன் வந்த காணிகள் ஏதோ ஒரு காயைத் தின்றவாறு சோர்வின்றி நடந்தனர். அது என்னவென்று விஞ்ஞானிகள் கேட்டனர். அக்கேள்வியிலிருந்து பிறந்ததே 'ஆரோக்கியப் பச்சை'யைக் கொண்டு செய்த 'ஜீவனி' மருந்து. அதன் உரிமைத் தொகையில் பாதி காணிகளுக்கு என்றும் ஏற்பாடாயிற்று. மூலிகையில் அவர்கள் சொல்லை மதித்தவர்கள், யானையில் மட்டும் கேளாமலே தள்ளுவது எந்த நியாயம்?

சோதிப்பதும் அரிதன்று. யானையின் முன்னங்காற் சுவட்டின் சுற்றளவை இருமடங்காக்கினால் ஏறக்குறைய அதன் தோள் உயரம் கிடைக்கும். ஒரு நூற்கயிறு போதும். சாணத்திலிருந்து மரபணுவைப் பிரித்து, மற்ற யானைகளோடு ஒப்பிடலாம். செவியின் மேல்விளிம்பு மடிந்திருப்பதைக் கொண்டு குட்டியா முதியதா என்று கணிக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க, வயது தெரிந்த யானைகள் காட்டாக்கடைக்கு அருகே கோட்டூர் மறுவாழ்வு மையத்திலேயே உள்ளன. வனத்துறையின் அனுமதியும், காணிகளின் துணையும், சில ஆண்டுப் பொறுமையும் வேண்டும். அவ்வளவே.

கல்லானை இல்லை என்றே முடிவு வரலாம். வரட்டுமே! சிற்றானையைக் கண்டதாகக் காணிகள் ஏன் சொன்னார்கள் என்பதாவது விளங்கும். தாயைப் பிரிந்த குட்டியா, வளர்ச்சி குன்றிய யானையா என்று அறிவதும் அறிவே. உண்டு என்று வந்தாலோ, அந்தச் சிறு கூட்டத்தைக் காக்கும் கடமை உடனே எழும். தெரியாத ஒன்றைக் காப்பவர் யார்?

நண்பர்களே, ஆய்வுக்குப் பொருள் கிடைக்கவில்லை என்று நூலகத்தில் ஏங்குகிறோம். மலைக்கு அப்பால் பாபநாசப் பக்கத்திலும், இப்பால் கேரளப் பக்கத்திலும் காணிகள் வாழ்கின்றனர். இருபுறத்து மொழியும் அறிந்தவர் நம்மைவிட யார்? விலங்கியல் பயில்வோர் சிலரேனும் முன்வருக. முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுவோம்; பிறகு அளப்போம்; முடிவை அவர்களிடமே முதலில் சொல்வோம்.